செவர்லே ஸ்மால் பிளாக் வி8: என்ஜின் பிளாக்கில் இருக்கும் எண்களைக் கண்டுபிடித்துப் படிப்பது எப்படி?

பழைய அமெரிக்க கார் ஒன்றை வாங்கப் போகும்போது விலையைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்று உண்டு: இது வண்டியோடு பிறந்த என்ஜினா, பின்னால் எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியதா? விற்பவர் பானெட்டைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டி, "ஒரிஜினல்தான்" என்பார். ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது. செவர்லேயின் சிறிய வகை வி8 என்ஜினான ஸ்மால் பிளாக்கில் பார்க்க வேண்டியவை நான்கு: வார்ப்பு எண், வார்த்த தேதி, என்ஜினைப் பூட்டிய தேதியோடு சேர்ந்த வகைக் குறி, வண்டி எண்ணின் (பதிவு எண் அல்ல, கம்பெனி கொடுத்த அடையாள எண்ணின்) சுருக்கம். நான்கையும் படித்து, தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அதற்கும் மேலாக, அந்த எண்கள் பஞ்ச் அடிக்கப்பட்டிருக்கும் இரும்பின் மேற்பரப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். ஏமாற்று வேலை பெரும்பாலும் பிடிபடுவது அங்கேதான்.

ஸ்மால் பிளாக் 1955-இல் 265 கன அங்குல என்ஜினாக வந்தது. 283, 327, 302, 350, 400 என்று பல அளவுகளில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. எண்கள் இருக்கும் இடங்கள் பெரிதாக மாறவில்லை. இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 1969 கமேரோ. இந்த விஷயத்தில் அதிகம் தேடப்படுவதும் அதிகம் போலி செய்யப்படுவதும் அந்த வண்டிதான். ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் ஏ, பி, சி என்று எழுதியிருக்கிறோம். இரும்பில் இருப்பவை ஆங்கிலப் பெரிய எழுத்துகள்.

முதலில் இடம், வலம்

பட்டியல்களிலும் கையேடுகளிலும் "டிரைவர் பக்கம்" என்று இருந்தால் அது வண்டியின் இடது பக்கம். அமெரிக்க வண்டியில் ஸ்டீயரிங் இடப்பக்கம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று மாறிப்போகும். தேதியைத் தேட வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். இனி இங்கே இடது, வலது என்று சொல்வதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது இருக்கும் இடது, வலது. பம்பருக்கு முன்னால் நின்று என்ஜினைப் பார்த்தால் இரண்டும் இடம் மாறிவிடும்.

வார்ப்பு எழுத்து வேறு, பஞ்ச் எழுத்து வேறு

பிளாக்கை (என்ஜினின் அடிப்படை இரும்பு உடலை) வார்க்கும்போதே அச்சிலிருந்து வரும் எழுத்துகள் இரும்பின் மேல் புடைத்து நிற்கும். வார்ப்பு எண்ணும் வார்த்த தேதியும் இந்த வகை. இவை முரட்டுத்தனமானவை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. பிறகு யாராவது மாற்றுவதும் எளிதல்ல.

என்ஜினைப் பூட்டிய பிறகு பஞ்ச் அடித்த எழுத்துகள் இரும்புக்குள் பள்ளமாக இருக்கும். பூட்டிய தேதி, வகைக் குறி, வண்டி எண்ணின் சுருக்கம் மூன்றும் இந்த வகை. ஆழம் மிகக் குறைவு. உப்புத்தாளோ கிரைண்டரோ கம்பிச் சக்கரமோ பட்டால் எழுத்து தேய்வது மட்டுமில்லை, எழுத்தைச் சுற்றி, கம்பெனியில் பரப்பைச் சீவியபோது விழுந்த கோடுகளும் போய்விடும். அந்தக் கோடுகள் போன பிளாக்கின் எண்ணை விவரம் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள், எண் உண்மையாகவே இருந்தாலும். ஆகவே பஞ்ச் எழுத்து இருக்கும் இடத்தில் உலோகம் எதுவும் படக்கூடாது. பிளாஸ்டிக், மரம், துணி, பஞ்சு மட்டும்தான்.

கையில் இருக்க வேண்டியவை

வெளிச்சம் குவியும் சின்ன டார்ச், நல்ல கேமரா உள்ள போன், நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, நைலான் பிரஷ், வார்ப்பு எழுத்துக்கு மட்டும் ஒரு கம்பி பிரஷ், பிளாஸ்டிக் சுரண்டி, மண்ணெண்ணெய் அல்லது பிரேக் கிளீனர், ஜெல் மாதிரி இருக்கும் பெயின்ட் ரிமூவர், காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு கட்டு, வெள்ளைச் சாக்பீஸ், கையுறை. ஆல்டர்னேட்டரைத் தளர்த்த வேண்டியிருந்தால் 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரை இந்த வண்டியில் போட்டால் போல்ட்டின் மூலைகள் உருண்டுவிடும்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிரேக் கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அதை அடிக்கவே கூடாது. ஆல்டர்னேட்டரைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

வார்ப்பு எண்

பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பான ஃபிளேஞ்சின் மேல், இடப்பக்கம். இடது ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) நேர் பின்னால், ஃபயர்வாலுக்கும் (என்ஜினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டுச் சுவர்) என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்தில் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். பல வருட எண்ணெயும் தூசியும் கெட்டியாகி, எண் இருக்கும் இடமே தெரியாமல் மூடியிருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்து எழுத்தின் மேல் தேய்த்தால் புடைத்த பகுதி மட்டும் வெள்ளையாகும்.

கண்ணாடியில் பார்த்தால் இலக்கங்கள் திரும்பித் தெரியும். அதை மனசுக்குள் திருப்பிப் படிக்கும்போதுதான் தப்பு வருகிறது. போனைச் சந்துக்குள் விட்டு மெதுவாக வீடியோ எடுத்துவிட்டு, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நல்லது. 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு கோணங்களிலாவது டார்ச் அடித்து எடுங்கள்.

1950, 60-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த பிளாக்குகளில் ஏழு இலக்கம் இருக்கும். 3756519 என்றால் 283. 3782870 என்றால் 327. 3951511 என்றால் 400. 14-இல் தொடங்கும் எட்டு இலக்க எண்ணைப் பார்த்தால், அது பிந்தைய காலத்துப் பிளாக். உதாரணமாக 14093638 என்பது 1987-இலிருந்து வந்த 350. 1969 வண்டியில் அப்படி ஒன்று இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டியதே இல்லை.

அதிகம் கண்ணில் படுவது 3970010. இந்த எண்ணைக் கண்டதுமே "நான்கு போல்ட் மெயின் பிளாக்" (கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் கேப்புகளுக்கு நான்கு போல்ட் உள்ளது) என்று விலையை ஏற்றிச் சொல்பவர்கள் நிறைய. இரண்டு போல்ட் மெயின், நான்கு போல்ட் மெயின் இரண்டுமே இதே வார்ப்பு எண்ணில் வந்திருக்கின்றன. ஆயில் பேனைக் கழற்றி மெயின் பேரிங் கேப்பைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அதே மாதிரி, 302-க்கும் 350-க்கும் இதே பிளாக்தான். இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம். கிராங்க் ஷாஃப்டின் ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு: 302-க்கு 3 அங்குலம், 350-க்கு 3.48. ஆக, வார்ப்பு எண் இது எந்தக் குடும்பத்துப் பிளாக் என்று சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

வார்த்த தேதி

அதே பின்ஃபிளேஞ்சில், பெரும்பாலும் வலப்பக்கம். அங்கே கிடைக்காவிட்டால் இடப்பக்கத்தில், வார்ப்பு எண்ணை ஒட்டியும் தேடிப் பாருங்கள். வலப்பக்கம் ஹீட்டர் பெட்டியும் ஹோஸ்களும் இடத்தை அடைத்துக்கொள்வதால் இதைப் படிப்பது வார்ப்பு எண்ணைவிடச் சிரமம்.

முதலில் ஓர் எழுத்து, அது மாதம். ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று வரிசையாகப் போய் எல் டிசம்பரில் முடியும். ஐ என்ற எழுத்தைச் செவர்லே விட்டுவிடவில்லை, அது செப்டம்பர். ஆகவே ஜே அக்டோபர், கே நவம்பர். அடுத்து ஒன்றோ இரண்டோ இலக்கத்தில் நாள். கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். 'சி 27 9' என்றால் மார்ச் 27, ஒன்பதில் முடியும் ஆண்டு.

ஒன்பதில் முடியும் எந்த ஆண்டு? பலர் சறுக்குவது இங்கேதான். 3970010 பிளாக் 1969-இல் மட்டும் வார்க்கப்பட்டதல்ல, 1970-களின் கடைசி வரை வார்க்கப்பட்டது. 'சி 27 9' 1969 மார்ச்சாகவும் இருக்கலாம், 1979 மார்ச்சாகவும் இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை வைத்தும் பிரிக்க முடியாது. 1979 வரைக்கும் அது இடப்பக்கம்தான், 1980-இல்தான் வலப்பக்கம் போனது. இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது பஞ்ச் அடித்த வகைக் குறிதான்.

முன்பக்கத் திட்டு

வலது ஹெட்டின் முன்முனைக்குச் சற்று முன்னால், பிளாக்கின் மேல்பரப்பு கொஞ்சம் நீண்டு ஒரு சின்னத் திட்டாக நிற்கும். ஹெட் உட்காரும் அதே மட்டத்தில், மிஷினில் சீவிய சமமான பரப்பு. என்ஜினின் கதை முழுக்க இந்தத் திட்டில்தான் இருக்கிறது. 1969 கமேரோவில் ஆல்டர்னேட்டர் வலப்பக்கம் வந்துவிட்டதால் திட்டுக்கு மேல் அதன் பிராக்கெட் மறைத்துக்கொண்டு நிற்கும். பெல்ட்டைத் தளர்த்தி ஆல்டர்னேட்டரை ஒதுக்கினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். விற்பவரின் வண்டியில் கை வைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும் முன் இருக்கிற நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். அழுக்கின் மேல் பெயின்ட் இருக்கிறதா, பெயின்ட்டின் மேல் அழுக்கு இருக்கிறதா என்பதும் ஒரு தடயம்தான். மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடக்க, திட்டு மட்டும் பளபளத்தால் யாரோ சமீபத்தில் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள்.

பிறகு மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பெயின்ட் இருந்தால் ரிமூவர் ஜெல்லைப் பஞ்சுக் குச்சியால் மெல்லியதாகத் தடவி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் விட்டு, துணியால் துடையுங்கள். ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் விழும் கோடு என்றைக்கும் போகாது. எழுத்தின் பள்ளத்துக்குள் நிற்கும் பெயின்ட்டைப் பல்குத்தும் மரக்குச்சியால் எடுக்கலாம்.

திட்டு காய்ந்ததும் மேலே விளக்கு எதையும் எரியவிடாமல், டார்ச்சைப் பரப்பை ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். நேராக மேலிருந்து அடித்தால் எதுவுமே தெரியாது. டார்ச்சை நாலா பக்கமும் சுற்றி, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பார்க்கலாம்.

இங்கே இரண்டு வரிகள் இருக்கும், அல்லது ஒன்று.

முதல் வரி, என்ஜின் தொழிற்சாலையில் அடித்தது. 'வி 0415 டி-இசட்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வி என்றால் மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் தொழிற்சாலை. டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா. கே என்றால் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ். 0415 என்பது மாதமும் நாளும்: ஏப்ரல் 15. ஆண்டு இதில் இருக்காது. கடைசி இரண்டு எழுத்துகள் வகைக் குறி. டி-இசட் என்பது 1969 இசட்-28 கமேரோவின் 302. 1969 மாடல் வரை வகைக் குறி இரண்டு எழுத்து, 1970 மாடலிலிருந்து மூன்று எழுத்து. மேலே சொன்ன 1969-1979 குழப்பம் இங்கே தீர்ந்துவிடும்: மூன்று எழுத்து இருந்தால், 'சி 27 9' என்பது 1979 மார்ச்.

வகைக் குறியைப் பட்டியலில் பார்க்கும்போது எந்த மாடல் ஆண்டின் பட்டியல் என்பதைக் கவனியுங்கள். அதே எழுத்துகளை வேறொரு ஆண்டில் வேறொரு என்ஜினுக்குக் கொடுத்திருப்பார்கள். ஆண்டைப் பார்க்காமல் தேடினால் சாதாரண என்ஜின்கூட அபூர்வமானதாகத் தெரியும்.

இரண்டாவது வரி, கார் தொழிற்சாலையில் அடித்தது: வண்டி எண்ணின் சுருக்கம். 1968 மாடலிலிருந்து இது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய செவர்லே கார்களில் பெரும்பாலும் முதல் வரி மட்டும்தான். கார்வெட்டில் மட்டும் சுருக்கம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஆகவே 1965 இம்பாலாவை "நம்பர் மேட்சிங்" என்று யாராவது விற்றால், தேதிகள் பொருந்துகின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். வண்டியையும் என்ஜினையும் கட்டிப்போடும் எண் அதில் கிடையாது.

1969 கமேரோவின் முழு எண் டாஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடி வழியே வெளியிலிருந்து படிக்கும்படி இருக்கும். பதின்மூன்று எழுத்து. 1 என்றால் செவர்லே, 24 என்றால் வி8 கமேரோ, 37 என்றால் கூபே, 9 என்றால் 1969, அடுத்த எழுத்து தொழிற்சாலை: ஒஹையோவின் நார்வுட் என்றால் 'என்', கலிஃபோர்னியாவின் வான் நைஸ் என்றால் 'எல்'. கடைசி ஆறு இலக்கம் வரிசை எண், 500001-இல் தொடங்கும். பிளாக்கில் இருக்கும் சுருக்கத்தில் 1, 9, தொழிற்சாலை எழுத்து, அந்த ஆறு இலக்கம். நார்வுட் வண்டியானால் '19என்' என்று தொடங்கி, டாஷில் உள்ள அதே ஆறு இலக்கத்தில் முடிய வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு வண்டியின் என்ஜின். இங்கேயும் ஒரு கண்ணி: 1979-இல் நார்வுட்டில் பூட்டிய கமேரோவின் சுருக்கமும் '19என்' என்றுதான் தொடங்கும். முதல் மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

சுருக்கம் திட்டில் இல்லையென்றால் பதற வேண்டாம். பிளாக்கின் இடப்பக்கம், பின்னால், ஆயில் ஃபில்டருக்கு மேலே பாருங்கள். 1969-இல் பல என்ஜின்களில் அங்கேதான் அடித்தார்கள். அது சீவாத, சொரசொரப்பான வார்ப்புப் பரப்பு. ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் எண்ணெய் வழிந்து மூடியிருக்கும். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு கீழிருந்து பார்ப்பது சுலபம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. இங்கே எழுத்து அரைகுறையாக விழுந்திருப்பது சகஜம், அதற்காகச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

தேதிகளை வரிசையில் வைப்பது

பிளாக் வார்த்து, பிறகு என்ஜின் பூட்டி, பிறகு கார் பூட்ட வேண்டும். இந்த வரிசை குலைந்தால் என்ஜின் அந்த வண்டியுடையதல்ல. ஃபயர்வாலின் இடப்பக்கம் ரிவெட் அடித்திருக்கும் சின்னத் தகட்டில் பாடி கட்டிய தேதி கிடைக்கும்: '04 டி' என்றால் ஏப்ரல் நான்காம் வாரம். எழுத்து ஏ முதல் வாரம், பி இரண்டாம் வாரம் என்று போகும்.

நம் உதாரணத்தில் பிளாக் வார்த்தது மார்ச் 27, என்ஜின் பூட்டியது ஏப்ரல் 15, பாடி ஏப்ரல் நான்காம் வாரம். அழகாகப் பொருந்துகிறது. இடைவெளி சில நாளிலிருந்து சில வாரம் வரை இருப்பது இயல்பு. ஆறு மாதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். என்ஜின் பூட்டியது ஏப்ரல் 30, பாடி ஏப்ரல் முதல் வாரம் என்றால் காரணம் தேட வேண்டியதுகூட இல்லை.

ஆண்டின் கடைசி மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1969 மாடல் வண்டிகள் 1968-இன் பிற்பகுதியிலேயே வரத் தொடங்கிவிட்டன. அதனால் 'ஜே 15 8' என்ற வார்த்த தேதி 1969 கமேரோவுக்குச் சரியானதே. அதோடு 1970 மாடல் தாமதமானதால் 1969 கமேரோவை 1969 நவம்பர் வரை பூட்டினார்கள். அதாவது திட்டில் 1020 என்று இருந்தால் 1968 அக்டோபராகவும் இருக்கலாம், 1969 அக்டோபராகவும் இருக்கலாம். திட்டில் ஆண்டு இல்லை. வார்த்த தேதியின் கடைசி இலக்கத்தையும், வண்டியின் வரிசை எண் தொடக்கத்தில் வருகிறதா முடிவில் வருகிறதா என்பதையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

எழுத்தை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள்

எண்கள் எல்லாம் பொருந்திவிட்டன. இனிதான் முக்கியமான சோதனை. பணம் இருக்கும் இடத்தில் பஞ்ச் செட்டும் இருக்கும்.

கம்பெனியில் பிளாக்கின் மேல்பரப்பைச் சீவிய முறையால், திட்டில் முன்னிருந்து பின்னாக, கிராங்க் ஷாஃப்டுக்கு இணையாக, நேரான மெல்லிய கோடுகள் ஓடும். டார்ச்சைக் குறுக்கே படுக்கவைத்து அடித்தால் தெரியும். எழுத்து இந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்க வேண்டும்: ஒவ்வொரு எழுத்தின் ஓரம் வரைக்கும் கோடு வந்து, அடுத்த பக்கத்தில் அதே கோடு தொடர வேண்டும்.

பட்டறையில் ஃபேஸிங் செய்த (மேல்பரப்பைச் சீவிச் சமமாக்கிய) பிளாக்கில் கட்டர் சுழன்று சீவுவதால் கோடுகள் வில்போல் வளைந்திருக்கும். ஃபேஸிங்கில் பழைய பஞ்ச் போய்விடும். ஆகவே வளைந்த கோடுகளின் மேல் கம்பெனி எண் "தெளிவாக" இருந்தால், அந்த எண் ஃபேஸிங்குக்குப் பிறகு அடித்தது. கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் இருந்தால் கையால் அரம் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள் போலிக் கோடும் போடுவார்கள். அப்படிப்பட்ட கோடுகள் பெரும்பாலும் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், திட்டின் ஓரத்துக்கு வரும் முன்பே நின்றுவிடும். ஹெட் கேஸ்கெட்டின் விளிம்பு வரை கோடு தொடர்கிறதா என்று பாருங்கள்.

எழுத்தின் அமைப்பும் பேசும். என்ஜின் தொழிற்சாலையில் எழுத்துகளை ஒரு சட்டத்தில் கோர்த்து ஒரே அடியாக அடித்தார்கள். அதனால் அந்த வரி ஒரே நேர்க்கோட்டில், ஒரே சாய்வில் இருக்கும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் விழுந்திருக்கலாம், ஆனால் அந்த மாற்றம் படிப்படியாக இருக்கும். ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடித்திருந்தால் ஒன்று மேலே ஏறி, ஒன்று சாய்ந்து, ஒன்று மட்டும் ஆழமாக நிற்கும். வண்டி எண்ணின் சுருக்கத்தை வேறு ஊரில், வேறு தொழிற்சாலையில், வேறு கருவியால் அடித்தார்கள். ஆகவே இரண்டு வரியிலும் 1, 9 போன்ற இலக்கங்களின் வடிவம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் நிச்சயம் சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே செட்டில் அடிக்கப்பட்டவை.

திட்டு காலியாக இருந்தால் அது போலிக்கு அடையாளம் ஆகாது. ஃபேஸிங் ஆன பிளாக்காக இருக்கலாம். சி-இ என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் இருந்தால் அது கம்பெனியே மாற்றாகக் கொடுத்த என்ஜின்; பிறவி என்ஜின் இல்லையென்றாலும் நேர்மையான வரலாறு உள்ள என்ஜின். போலித் திட்டு உள்ள வண்டியைவிடக் காலித் திட்டு உள்ள வண்டி எவ்வளவோ மேல். காலியாக இருக்கிறதே என்று நீங்கள் எண் அடிக்கப் போகாதீர்கள். வண்டியின் அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

வேறு என்ஜின்களுக்குப் போகும்போது

செவர்லேயின் பிக் பிளாக்குக்கும் (396, 427, 454) பஞ்ச் திட்டு அதே இடம், வார்ப்பு எண்ணும் அதே பின்ஃபிளேஞ்ச். வார்த்த தேதி மட்டும் பிளாக்கின் வலப்பக்கச் சுவரில், ஸ்டார்ட்டர் பக்கமாகத் தேட வேண்டும். இவற்றை டோனவாண்டாவில்தான் பூட்டினார்கள். 396-இன் திட்டில் வி என்று தொடங்கினால் உஷாராக வேண்டும்.

ஃபோர்டு தேதியைத் திருப்பி எழுதும்: முதலில் ஆண்டு, பிறகு மாத எழுத்து, பிறகு நாள். '9 ஏ 15' என்றால் ஒன்பதில் முடியும் ஆண்டின் ஜனவரி 15. ஃபோர்டு ஐ என்ற எழுத்தை விட்டுவிடும். அங்கே எச் ஆகஸ்ட், ஜே செப்டம்பர், எம் டிசம்பர். செவர்லே பழக்கத்தில் படித்தால் ஆகஸ்டுக்குப் பிறகு எல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போகும். பகுதி எண்ணின் முதல் எழுத்து சி என்றால் 1960-கள், டி என்றால் 1970-கள். அடுத்த இலக்கம் ஆண்டு. நடுவில் 6015 இருந்தால் அது பிளாக்கின் எண். கிறைஸ்லர் என்ஜின்களில் மாதம், நாள், ஆண்டு மூன்றையும் இலக்கத்திலேயே வார்த்திருப்பார்கள், குழப்பம் குறைவு.

படித்து முடித்த பிறகு

பெயின்ட் எடுத்த திட்டு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். துணியில் இரண்டு சொட்டு என்ஜின் ஆயில் விட்டு மெல்லியதாகத் தடவிவிடுங்கள். மேலே பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் ஒரே கோட்டிங் போதும். கனமாக அடித்தால் அடுத்து வருபவர் அதையெல்லாம் எடுக்கும்போது எழுத்துக்குத்தான் ஆபத்து.

என்ஜினை இறக்கி ரீபோருக்கோ ஃபேஸிங்குக்கோ கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் திட்டையும் ஃபில்டர் பக்க எண்ணையும் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் கட்டர் திட்டுக்கு முன்பே நின்றுவிட வேண்டும் என்று வாயால் சொன்னால் போதாது; வேலைச் சீட்டில் எழுதி, திட்டின் மேலேயே அழியாத மார்க்கரால் 'இதைச் சீவாதே' என்று எழுதிக் கொடுங்கள். ஹெட் உட்காரும் பகுதி மட்டும் சமமாக இருந்தால் போதும், திட்டு சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் உயர்ந்து நிற்பதால் கேஸ்கெட்டுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மிஷினில் ஏற்றும் நாளில் முடிந்தால் நேரில் போய் நில்லுங்கள்.